கேன்சல் பண்ணாங்களா, ஆச்சா?

டீ ஆறுவதற்குள் இந்த வாட்ஸப் செய்தியைப் பாருங்கள்: "மீட்டிங் கேன்சல் ஆயிடுச்சு, குரூப்ல ஷேர் பண்ணிடு." இதைப் படித்ததும் 'தமிழ் போச்சு' என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

எழுதியவர் ஏன் 'கேன்சல் பண்ணிட்டாங்க' என்று எழுதவில்லை? அப்படி எழுதினால் யாரோ ஒருவர் அதைச் செய்தார் என்றாகிவிடும். 'ஆயிடுச்சு' என்றால் பழி யார் தலையிலும் இல்லை. 'டவுன்லோட் பண்றேன்', 'டவுன்லோட் ஆகுது' இரண்டுக்கும் நடுவே இருப்பதும் அதே வித்தியாசம்தான். உடைத்தான், உடைந்தது என்று பிரித்தே பழகிய மொழி, புதிதாக வந்த சொல்லையும் பிரித்துத்தான் உள்ளே விடுகிறது. காலமும் மரியாதையும் வேற்றுமை உருபும் தமிழாகவே ஒட்டுகின்றன. 'மீட்டிங்குக்கு முன்னாடி வந்துடு' என்போம். 'பிஃபோர் மீட்டிங் வந்துடு' என்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த இலக்கணத்தை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை.

நைரோபியில் சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர்களை ஆராய்ந்த கரோல் மயர்ஸ்-ஸ்காட்டன், 1993இல் வெளியான நூலில் இதைத்தான் விளக்கினார்: வாக்கியத்தின் எலும்புக்கூட்டை ஒரு மொழி கொடுக்கிறது, மற்றது சொற்களை மட்டும் கொடுக்கிறது. நமக்கென்ன, மணிப்பிரவாளத்தில் வடமொழியை வைத்து இதைச் செய்து பார்த்தவர்கள்தானே! (அப்போதும் திட்டு விழாமலா இருந்திருக்கும்?)

என் கவலை சொல்லைப் பற்றியது அல்ல, எழுத்தைப் பற்றியது. பழைய செல்போனில் ரோமன் எழுத்தில் தட்டினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் போகும். தமிழில் தட்டினால் 70 இடம்தான், அதிலும் 'கொ' இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காசு கொடுத்து அனுப்பிய காலத்தில் ரோமனுக்குப் போனதில் நியாயம் இருந்தது. இன்று தமிழ் விசைப்பலகை எல்லார் போனிலும் கிடைக்கிறது, பழக்கம் மட்டும் போகவில்லை. அதில் அடிபடுவது நம் ஒலிகள். 'ழ'வுக்கு ஒருவர் இசட்டும் ஹெச்சும் போடுகிறார், இன்னொருவருக்கு எல் போதும். நெடிலுக்கு இரண்டு ஏ போடப் பலருக்குப் பொறுமை இல்லை. வீட்டிலிருந்து பி-ஏ-எல் என்று மூன்றே எழுத்து வந்தால் பல்லா, பாலா? பின்னாலேயே 'வாங்கிட்டு வா' என்று வந்தால்தான் தெரியும்.