தோற்றாலும் நம் அணியே

“இனி ஹாக்கிப் பந்தயத்தின் பக்கமே திரும்பேன்” என்று சூளுரைக்கும் அன்பர் பலர். அடுத்த பந்தயம் தொடங்கியதும் முதலில் வந்து அமர்பவரும் அவரே. இதற்குக் காரணம் யாது?

1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கப் பதக்கங்களை வென்றது இந்திய அணி. அப்பெருமையைக் கேட்டு வளர்ந்தோர், 1980-இல் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் பெற்ற தங்கத்துக்குப் பின் நெடுங்காலம் ஏமாற்றத்தையே கண்டனர். 2000-இல் சிட்னியில் போலந்தை முந்தியிருந்தும், இறுதி இரண்டு நிமிடங்களுக்குள் ஒரு கோல் வாங்கி அரையிறுதி வாய்ப்பை இழந்தோம். 2008-இல் பெய்ஜிங்குக்குச் செல்லும் தகுதியே கிட்டவில்லை. 2012-இல் லண்டனில் கடைசி இடம்.

புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியும் ஒரு பதக்கமும் பெற்றாரில்லை. எனினும், பந்துடன் அவர் பாய்ந்தோடும் வேகத்தைக் கண்டு களித்தோர் பதக்கக் கணக்கைப் பார்த்தனரா? ஆட்டத்தின் அழகு ஒரு காரணம். நம்மவர் என்னும் உறவு மற்றொன்று. தேர்வில் தவறிய பிள்ளையை வீட்டைவிட்டு விலக்குவார் உண்டோ?

2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்றோம். கடைசி நொடிகளில் ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்திராவிடில் அவ்வெற்றியும் நழுவியிருக்கும். 41 ஆண்டுகளுக்குப் பின் கிட்டியது வெண்கலமே. ஆயினும் இடையில் விலகாதிருந்தோர்க்கு அது தங்கத்தினும் குறைந்ததன்று. அடுத்த பந்தயத்தை நம் சிறாரையும் அருகமர்த்திக் காண்போமாக!