சாவிக்குள்ளே இன்னொரு சாவி!



கார் சாவியில் பட்டனை அமுக்கினால் 'டிக்'னு கதவு திறப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாவிக்குள்ளே இன்னொரு சாவி ஒளிந்திருப்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. எங்கப்பா சம்பளத்துக்கே ஆபத்து வந்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான்:

எங்கப்பா சிவகாசியில் ஒரு முதலாளி வீட்டில் கார் ஓட்டுகிறார். சாவியின் பிளாஸ்டிக் கூடு உடைந்துபோனது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, சாவியை மட்டும் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக்கூடு மாற்றி வந்தார். மறுநாள் விடியற்காலையில் முதலாளி மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டும். பட்டனை அமுக்கினால் கதவு திறந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்னு எரிந்தது. முதலாளி வேறு வண்டியில் போனார். போகும்போது, "நல்லா இருந்த சாவியைக் கெடுத்துட்டியேப்பா, புதுச்சாவிக்கு ஆகுறதை உன் சம்பளத்துலதான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

ஒன்று, ரிமோட். இது கதவுக்கு மட்டும். இதற்குக் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட்.

இரண்டு, சிப். இது இன்ஜினுக்கு. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, கண்ணாடிக் குழாய் போலவோ கறுப்புத் துண்டு போலவோ இருக்கும். இதற்குப் பேட்டரியே கிடையாது!

அப்புறம் எப்படி வேலை செய்யும்? சாவி போடும் துவாரத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் பல வண்டிகளில் நொடிக்குச் சுமார் 1,25,000 தடவை மாறும் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலமே சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியென்றால்தான் காரின் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓடவிடும். இல்லையென்றால் பெட்ரோல் போகாது. பட்டாசில் மருந்து இருந்தும் திரியில் நெருப்பு வைக்காத மாதிரிதான்! இந்தக் காவலுக்குப் பெயர் இம்மொபிலைசர்.

கோளாறு எங்கே? இப்படிப் பாருங்கள்:

1. பட்டன் வேலை செய்யவில்லை, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் ரிமோட்டில்தான் கோளாறு. முதலில் பேட்டரியை மாற்றவேண்டும். கதவைச் சாவி போட்டே திறக்கலாம்.

2. பட்டன் வேலை செய்கிறது, இன்ஜின் சுற்றியும் ஓடவில்லை, சாவி விளக்கு மினுக்குகிறது என்றால் சிப்பைச் சந்தேகப்படவேண்டும். சில வண்டிகளில் இன்ஜின் சுற்றாமலும் இருக்கும். வளையத்தில் வேறு கார் சாவிகள் இருந்தால் கழற்றிவிட்டு, இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

3. இரண்டாவது சாவிக்கும் ஓடவில்லை என்றால் கம்பிச்சுருளோ, ஒயரோ, கம்ப்யூட்டரோ காரணமாக இருக்கலாம். அதற்கு எலக்ட்ரீசியன் வேண்டும்.

4. 'டக் டக்' சத்தம் மட்டும் வந்து விளக்கெல்லாம் மங்கினால் காரின் பெரிய பேட்டரி இறங்கியிருக்கும். சாவி மேல் பழி போடாதீர்கள்!

எங்கள் கதையில் இரண்டாவது சாவி சென்னையில் முதலாளி மகனிடம் இருந்தது. அப்பா விருதுநகரில் தெரிந்த எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, பழைய கூடு எங்க?"

பழைய கூட்டை என் தம்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்! பிரித்துப் பார்த்தால் ஓரத்துப் பள்ளத்தில் அந்தச் சின்னக் கறுப்புத் துண்டு. கடைக்காரர் ரிமோட்டை மட்டும் மாற்றிவிட்டு, சிப்பை எடுக்க மறந்துவிட்டார். அப்பா பழைய கூட்டைச் சாவித் துவாரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட்! பிறகு சிப்பைப் புதுக்கூட்டில் வைத்தாயிற்று. அந்த மாதச் சம்பளம் முழுசாக வந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது சரிதானே?

இந்தத் தொல்லை தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான். ஐரோப்பிய நாடுகளில் 1998 முதல் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். கனடாவில் 2007 முதல். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. கியாவும், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயும் அங்கே விற்ற பல கார்களில் இது இல்லாததால், 2021, 2022இல் அவை ஏராளமாகத் திருடுபோயின.

கவனம்: பழைய காசு பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஒரு பொருள் ஓடவில்லை என்றால் "யார் கெடுத்தது?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தப் பாகம் கெட்டது?" என்று கேளுங்கள். எங்கப்பாவுக்காகத்தான் இதை எழுதினேன்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி