கூட்டிப்போக வருகிறவர் யார்?

“அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸில ஏறினால் திங்கள் விடியக் கொழும்பு. பத்து மணிக்கு இன்டர்வியூ. பின்னேரம் மெடிக்கல். செவ்வாய் விடிய வீட்டில நிற்பீங்கள். எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.”

விசுவமடுவுக்கு அருகில் உள்ள ஒரு வீட்டின் விறாந்தையில் 2017 ஆம் ஆண்டு சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. கேட்டுக்கொண்டிருந்தவர் 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள், வயதான மாமி. தறப்பாள் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை வீட்டுத்திட்ட வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆனால் வீட்டைப் பூசி முடிக்க வாங்கிய நுண்கடன் கழுத்தை நெரித்தது. வாராவாரம் கடன் அறவிட வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பின்வளவுக்குள் போய் நிற்பேன் என்று அவர் எனக்குச் சொன்னார். அப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான் இந்த மனிதர் வந்திருக்கிறார். சுத்தமான சேர்ட். பிள்ளைகளுக்கு பிஸ்கற். மாமிக்கு வெற்றிலை. பேச்சுக்குப் பேச்சு “அக்கா, அக்கா”.

வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போகலாமா, போகக்கூடாதா என்பது அவரவர் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. நாம் யாரும் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் இங்கே எழுத விரும்புவது அதற்கு முந்திய ஒரு சிறிய பயணத்தைப் பற்றி. ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் அந்த முதலாவது பயணம். முன்பின் தெரியாத ஒரு ஆணின் பின்னால், இரவு பஸ்ஸில், மொழி தெரியாத நகரத்துக்கு. அவர் நம்பத் தகுந்தவரா என்பதை பஸ் ஏறியபின் யோசித்துப் பயனில்லை. விறாந்தையிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எம்மில் பலர் முகத்தைப் பார்க்கிறோம், பேச்சைக் கேட்கிறோம். “நல்ல மரியாதையான பொடியன்” என்று தீர்மானித்து விடுகிறோம். ஆனால் மரியாதை அந்தத் தொழிலின் ஆயுதம். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தடுப்பில் இருக்கும் மகனை எடுத்துத் தருகிறேன், அங்கே எனக்கு ஆள் இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு பணிவாகக் கதைத்தார்கள்! தாலிக்கொடியை விற்றுக் கொடுத்த தாய்மாரும் இருந்தார்கள். பிறகு அந்தத் தொலைபேசி இலக்கங்கள் வேலை செய்யவில்லை.

மறுபக்கமும் உண்டு. கிளிநொச்சியில் நான் அறிந்த இன்னொரு பெண்ணிடம் வந்த முகவர் ஒருவர் சிரிக்கவே இல்லையாம். “உங்களுக்கு முதுகு நோவு இருக்கா? படி ஏறுவீங்களா? வீட்டில படுக்கையில கிடக்கிற ஆள் இருக்கினமா? நீங்கள் போனால் பிள்ளைகளுக்கு ஆர் சமைக்கிறது?” என்று பொலிஸ் விசாரணை போலக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கோபம். ஆனால் போகும்போது அந்த மனிதர் ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், விலாசம், கந்தோர்த் தொலைபேசி இலக்கம், அனுமதிப்பத்திர இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, “முதல்ல பிரதேச செயலகத்தில காட்டிக் கேளுங்கோ. பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றிருக்கிறார். மூன்று வருடம் வேலை செய்து, சம்பளம் தவறாமல் வாங்கி, அந்தப் பெண் திரும்பி வந்து இன்று கடை நடத்துகிறார்.

ஆகவே முகத்தை விடுங்கள். அவர் சொல்வதைச் சரிபார்க்க விடுகிறாரா என்று பாருங்கள்.

கேட்டால் என்ன செய்கிறார்?

வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனம் ஒவ்வொன்றும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த அனுமதிப்பத்திரம் நிறுவனத்துக்கு உரியது. எங்கள் ஊர்களில் மோட்டார் சைக்கிளில் திரிகிறவர் பெரும்பாலும் உப முகவர். அவருடைய சட்டைப்பையில் இருப்பது ஒரு பெயரட்டை மட்டும்தான். எந்த அச்சகத்திலும் அதை அடித்துக் கொடுப்பார்கள். எனவே முதலில் கேட்க வேண்டியது, “தம்பி, எந்த நிறுவனம்? அனுமதி இலக்கம் என்ன?” என்பதே. அடுத்தது, “நான் அந்தக் கந்தோருக்கு ஒருக்கால் எடுத்துக் கதைக்கட்டுமா?” என்பது. அவருடைய கைத்தொலைபேசியில் அல்ல, உங்களுடையதில்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலைவிட, கேட்டவுடன் அவருடைய முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். “என்னில நம்பிக்கை இல்லையா அக்கா?” என்று மனவருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெண்களை விழுத்துவது இந்த ஒரு வசனம்தான். அக்கா என்று கூப்பிட்டவரின் மனதை நோகடிக்கக்கூடாது என்று நாம் உடனே பின்வாங்கி விடுகிறோம். உண்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அவர் நோகமாட்டார். இலக்கத்தை எழுதித் தருவார்.

கிடைத்த பெயரையும் இலக்கத்தையும் சரிபார்க்க வழி இருக்கிறது. பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம். நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தி விடாதீர்கள். இந்த மனிதர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பதையும் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். நல்ல நிறுவனத்தின் பெயரைக் கூடாத ஆள் சொல்லிக்கொண்டு வருவதுதான் வழமை.

இன்னொரு சின்ன வழி, என் அம்மம்மா மாட்டுத் தரகரிடம் செய்தது. ஒரே கேள்வியை இரண்டு நாள் விட்டுத் திரும்பவும் கேட்பார். சம்பளம் எவ்வளவு, எந்த நாடு, வீட்டில் எத்தனை பேர் என்று முதல்நாள் சொன்னதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது தெரியாத மாதிரிக் கேளுங்கள். குவைத் சவூதியாக மாறியிருந்தால் அதிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

காசு தருகிறவர்

காசு கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று எல்லோருக்கும் தெரியும். காசு தருகிறவன்? மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணுக்கு முற்பணமாக ஒரு தொகை கொடுப்பது நீண்டகாலமாக நடந்து வருகிறது. பணிப்பெண்ணுக்காக அங்குள்ள தரப்பு முகவருக்குப் பணம் கட்டுகிறது. அதிலிருந்து ஒரு பகுதி வருகிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது அந்தக் காசு தெய்வம் தந்ததுபோலத் தெரியும். வாங்கிச் செலவழித்த அன்றே “இல்லை, நான் வரவில்லை” என்று சொல்லும் உரிமை கையை விட்டுப் போய்விடுகிறது. மருத்துவப் பரிசோதனை முடியவில்லை, உடன்படிக்கையைப் பார்க்கவில்லை, எந்த வீடு என்று தெரியவில்லை, அதற்குள் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் தருகிறார் என்றால் அது உதவி அல்ல, கட்டிப்போடும் கயிறு.

அதேபோலத்தான் கடவுச்சீட்டும். விசாவுக்காக அதை நிறுவனத்தில் கொடுக்க வேண்டி வரும், உண்மை. அதைக் கந்தோரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். விறாந்தையில் வைத்துக் கொடுக்கக் கூடாது. அடையாள அட்டையின் மூலப்பிரதியையும் கொடுக்கக் கூடாது.

பொய் சொல்லச் சொல்கிறவரைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதை எமக்குத் தெரியும். 1988 இல் பிறந்த பிள்ளைக்கு 1982 இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டது. 2005 இல் சவூதிக்குப் போனபோது அவருக்கு வயது 17. அங்கே பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காகக் குற்றம் சுமத்தப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சம்பவம் நடந்தபோது அவர் சிறுமி என்று எவ்வளவோ பேர் வாதாடினார்கள். கடவுச்சீட்டு வேறு வயது சொன்னது. வயதைக் கூட்டு, குறை, சின்னப் பிள்ளை இருப்பதைச் சொல்லாதே என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், நாளை உங்களுக்கு ஒன்று நடக்கும்போது அந்தப் பொய் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

“முதல்ல விசிட் விசாவில போவம், அங்க போய் மாத்தலாம்” என்பதும் அந்த வகைதான். சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட எமது நாட்டுப் பெண்களின் நிலை 2022 நவம்பரில் பத்திரிகைகளில் வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது. பணியகத்தில் பதியாமல் போகிறவரைப் பற்றிப் பணியகத்திடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

ஒரு மச்சாளையும் கூட்டிக்கொண்டு

எல்லாம் சரியாக இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். பஸ் காசு இரட்டிப்பாகும்தான். ஆனால் “என்ர மச்சாளும் வருவா” என்று சொல்லிப் பாருங்கள். அதுவே ஒரு பரிசோதனை. “அவவுக்கு இடமில்லை, நிறுவனத்தில் ஏசுவினம்” என்று சொன்னால், ஒரு சாட்சி வருவதில் அவருக்கு என்ன கஷ்டம் என்று யோசியுங்கள். இரவு எங்கே தங்குவது என்பதையும் முன்னரே கேட்க வேண்டும். மருதானைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றின் பெயரைச் சொல்லி, “நானும் அங்கதான் நிற்பன், பயப்பிடாதேங்கோ” என்றால், பயப்படத்தான் வேண்டும். கொழும்பில் சொந்தக்காரர், பழைய அயலவர், தேவாலயம், கோயில் மடம் என்று ஏதாவது ஒன்றை நாங்களாகவே ஒழுங்கு செய்துகொண்டு போக வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையில் இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எடுப்பார்கள். கர்ப்பமா என்றும் பார்ப்பார்கள். ஊசி ஏதும் ஏற்ற வந்தால் எதற்கு என்று கேளுங்கள். என்னவென்று சொல்லாமலே முகவர்களால் கருத்தடை ஊசி போடப்பட்ட பெண்களைப் பற்றி 2018 இல் செய்திகள் வெளியாகின. கூட வந்த மச்சாள் வாசலில் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு வரும்.

புறப்படும் முன் அவருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், மோட்டார் சைக்கிள் இலக்கம், நிறுவனத்தின் விலாசம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு, அதை அவருக்கும் தெரியப்படுத்துங்கள். ஒளித்துச் செய்யத் தேவையில்லை. தெரிந்திருப்பதுதான் நல்லது.

விசுவமடுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவர் அப்போதே கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டார். நாற்பதாயிரம் ரூபாவும் வாங்கியிருந்தார். சந்தேகப்பட்டது அவரல்ல, மாமி. வெற்றிலை கொண்டுவந்த பொடியன் ஒரு தரமும் பகலில் வரவில்லை, எப்போதும் விளக்கு வைத்தபிறகே வருகிறான் என்பதை அந்த மனுசி கவனித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். உத்தியோகத்தர் பெயரட்டையைப் பார்த்தார். நிறுவனம் உண்மையானது, அனுமதியும் இருந்தது. அவரே கொழும்புக்கு அழைத்துக் கதைத்தார். அந்தப் பெயரில் தங்களுக்கு எவரும் இல்லை என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸுக்கு அவர் போகவில்லை. திங்கட்கிழமை அந்த மனிதர் வந்து படலையில் நின்று சத்தம் போட்டார். அக்கா என்ற சொல் ஒரு தரமும் வரவில்லையாம். காசை வை, இல்லாவிட்டால் பொலிஸில் கொடுப்பேன் என்றிருக்கிறார். “வாங்கோ, பொலிஸுக்கே போவம்” என்று மாமி செருப்பைப் போட்டதும் குரல் இறங்கியிருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். பிள்ளைகளை நினைத்து அவர் செய்யவில்லை. கிராம சேவகரின் கந்தோரில் வைத்துக் கணக்கை முடிப்பதாக ஒத்துக்கொண்டார்கள். நாற்பதாயிரத்தில் மூவாயிரம் பிள்ளைகளின் சப்பாத்துக்குப் போயிருந்தது. மாமி கோழிகளை விற்று அதை நிரப்பினார்.

கிராம சேவகர் கொப்பித் தாள் ஒன்றில், காசு திரும்பக் கிடைத்தது, கடவுச்சீட்டு ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே அடையாள அட்டை இலக்கத்தையும் போடச் சொன்னார். அட்டையை வெளியே எடுக்க அந்த மனிதருக்கு வெகுநேரம் எடுத்தது. எடுத்ததும் கிராம சேவகர் வாங்கிப் பார்த்துவிட்டு, பெயரட்டையையும் பக்கத்தில் வைத்து, ஒன்றும் பேசாமல் இரண்டையும் அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினார். இரண்டிலும் இரண்டு பெயர்கள்.