ஓர் ஏக்கர் சம்பா, ஒரு நாள் கணினி

கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளை ஒட்டி ஓடும் உப்பனாற்றுத் தண்ணீரில் நெய்வேலிச் சுரங்கத் தண்ணீரும் கலந்திருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே சுரங்கம் தோண்ட முடியும். இறைத்ததில் ஒரு பகுதி பரவனாற்றில் இறங்குகிறது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று வயல்களுக்குப் பாய்ந்தது போக மிச்சம் இங்கே வந்து கடலைச் சேர்கிறது. கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் தரவு மையங்களுக்கு இவ்வளவு தண்ணீரா என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் தேட இந்தக் கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு போக நெல்லுக்கு மழையும் பாசனமும் சேர்ந்து சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். தரவு மையத்தில் இயந்திரங்களைக் குளிர்விக்க, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.8 லிட்டர் தண்ணீர் என்பது உலக அளவில் பரவலாகச் சொல்லப்படும் சராசரி. 100 மெகாவாட் மையம் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு 43 லட்சம் லிட்டர் ஆகிறது. நாற்று விட்டது முதல் அறுவடை வரை ஓர் ஏக்கர் சம்பா குடிப்பதை, அது கிட்டத்தட்ட ஒரே நாளில் குடித்துவிடும்.

ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால் நெல்லின் பங்குதான் மலையளவு. கூகுள் நிறுவனத்தின் தரவு மையங்கள் உலகம் முழுவதும் 2023-இல் செலவழித்தது சுமார் 2,300 கோடி லிட்டர். எங்கள் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் ஆயக்கட்டு ஏறத்தாழ 45,000 ஏக்கர். அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தின் ஒரு போகத்துக்குத்தான் அந்தத் தண்ணீர் காணும்.

அப்படியானால் விவசாயிதான் தண்ணீரை வீணாக்குகிறான் என்று சிலர் சொல்லக் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வயலில் கட்டிய தண்ணீரில் ஒரு பகுதி மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது, வடிந்தது அடுத்த வயலுக்குப் போகிறது. தரவு மையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தில் ஏறிய தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். காலமும் வேறு. மேட்டூர் அணை திறந்து, கொள்ளிடம் வழியே கீழணைக்கு வந்து, வடவாற்றில் இறங்கினால்தான் வீராணம் நிரம்பும். அதுவரை காட்டுமன்னார்கோயில் விவசாயி காத்திருப்பார். தண்ணீர் வராத ஆண்டில் நிலத்தைத் தரிசாகப் போடுவார். கணினிக்குத் தரிசுக் காலம் கிடையாது. அதற்கு அதிகம் தண்ணீர் தேவைப்படுவதே சித்திரை, வைகாசி வெயிலில், ஏரி வற்றிக் கிடக்கும்போதுதான்.

2004 முதல் வீராணத்துத் தண்ணீர் நெய்வேலி அருகே வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். குடிதண்ணீருக்கு முதலிடம் என்பதைக் கடைமடை விவசாயியும் மறுக்கமாட்டார். அதே சென்னையைச் சுற்றி, அம்பத்தூரிலும் சிறுசேரியிலும், தரவு மையங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. மாநில அரசு 2021-இல் தனிக் கொள்கையே வகுத்து அவற்றை அழைக்கிறது. நகரத்தின் தாகம் கூடினால் அந்தச் சுமை வீராணத்தின் மீதும்தானே விழும்?

காற்றாலேயே குளிர்விக்கிறோம், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லும் மையங்கள் உண்டு. அவற்றுக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். பழைய அனல்மின் நிலையங்கள் யூனிட்டுக்கு 3.5 லிட்டர் வரை தண்ணீர் எடுக்கலாம் என்பது மத்திய அரசின் 2015 விதி. குளிர்விப்புக்கான 1.8 லிட்டரைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலத்தடி நீரை இறைத்து உருவாகும் நெய்வேலி மின்சாரமும் அந்த மையங்களுக்குப் போகும் கம்பிகளில்தான் கலக்கிறது. ஆகவே சிறுசேரியில் குழாயே திறக்காவிட்டாலும் எங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீர் அங்கே செலவாகத்தான் செய்கிறது.

வழி இல்லாமல் இல்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற அளவுக்குச் சுத்தம் செய்யும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். புதிய தரவு மையங்களுக்கு இப்படிப்பட்ட தண்ணீர் மட்டுமே என்று அனுமதியிலேயே எழுத வேண்டும். நெல்லிலும் பாய்ச்சலும் காய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறை பரவ வேண்டும், அதையும் மறுக்கவில்லை.

வீராணத்தில் இன்று எத்தனை அடி என்பது ஏரிக்கரை ஊரான லால்பேட்டை டீக்கடையில் கேட்டாலே தெரியும். முழு நீர்மட்டமான 47.5 அடி சிறுவர்களுக்குக்கூட மனப்பாடம். ஒவ்வொரு தரவு மையமும் தான் எடுத்த தண்ணீரையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும், அதேபோல நாள்தோறும் ஊரறியச் சொல்லட்டும்.