ஓராண்டுப் பதவி, பல்லாண்டு வேலை

ஆடி பிறந்து முகூர்த்தங்கள் ஓய்ந்த பிறகும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களில் சில மாலைகளில் விளக்கு எரியும். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களுக்கு ஜூலை 1ஆம் தேதிதான் புத்தாண்டு. அந்த மாதம் முழுக்கப் பதவியேற்பு விழாக்கள் நடக்கும். பழைய தலைவர் தன் கழுத்துப் பட்டையைக் கழற்றிப் புதியவருக்கு அணிவிப்பார். தையல் மிஷின், மூன்று சக்கர வண்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு என்று மேடையிலேயே வழங்குவார்கள். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வரும்.

அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சேவைச் சங்கங்களைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. இந்த இரண்டு ஊர்களிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பார்வை திரும்பப் பெற்ற முதியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கண் சிகிச்சைக்குப் போன வழி, பெரும்பாலும் இப்படி ஒரு சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்திய முகாம்தான். பொதுக் காரியத்துக்குக் கைக்காசைப் போடுவது இங்கே சங்கங்களோடு வந்த பழக்கமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இலேயே வந்துவிட்டது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். சிகாகோவில் பால் ஹாரிஸ் 1905இல் தொடங்கிய ரோட்டரியும், அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் 1917இல் தொடங்கிய லயன்ஸும் இங்கே வந்தபோது, விதைக்க நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

லயன்ஸ் என்றாலே கண் என்று ஆனதற்கு ஒரு பெண் காரணம். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் 1925இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராட முன்வாருங்கள் என்று அந்த வணிகர்களிடம் கேட்டுக்கொண்டார். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வேண்டுகோளை லயன்ஸ் இன்னும் கைவிடவில்லை.

நம் பக்கத்தில் அந்த வேலைக்கு ஒரு உருவம் கொடுத்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிய காலத்திலேயே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனையிடம் டாக்டர் உண்டு, கருவி உண்டு, லென்ஸ் உண்டு. வயலுக்கு அப்பால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவை அதற்குத் தெரியாது. அவரைத் தெரிந்த ஒரு உள்ளூர்க் கை வேண்டும். லயன்ஸும் ரோட்டரியும் கோயில் கமிட்டிகளும் மில் நிர்வாகங்களும் அந்தக் கையாக ஆயின.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன வேலை என்பது தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாள் குறிப்பதும் இடம் பிடிப்பதும் சங்கத்தின் பொறுப்பு. மைக் கட்டிய ஆட்டோ சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், மல்லி என்று சுற்றிவர வேண்டும். டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அன்று காலை மேஜை, நாற்காலி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மருத்துவமனைக் குழு வந்து பார்வையைச் சோதிக்கும். பிரஷர், சுகர் பார்க்கும். புரை முற்றியவர்களைத் தேர்ந்தெடுத்து அன்றே பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும். அறுவை சிகிச்சை, லென்ஸ், மருந்து, தங்க இடம், சாப்பாடு எல்லாமே இலவசம். இரண்டு மூன்று நாளில் கறுப்புக் கண்ணாடியோடு அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். முன்பெல்லாம் புரை எடுத்த ஏழைக்குக் கிடைத்தது கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றுதான். 1992இல் அரவிந்தின் ஆரோலேப் இங்கேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதும் விலை மளமளவென்று இறங்கியது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது ஏழைக்கும் எட்டியது.

இவ்வளவு இலவசமாக இருந்தும் ஏன் பலர் வருவதில்லை? தென்னிந்தியக் கிராமங்களில் இதை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்று கண் மருத்துவர்களையே உலுக்கியது. பக்கத்தில் முகாம் நடந்தும், கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் அங்கே போயிருந்தார்கள். பயம், செலவு, கூட வர ஆளில்லாமை, வீட்டு வேலை, வயதானால் இப்படித்தான் என்ற மனச் சமாதானம் ஆகியவையே காரணங்கள். நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது? "இனிமே எனக்கெதுக்குய்யா கண்ணு, இருக்கிற காலத்த இப்படியே ஓட்டிருவேன்" என்று சொல்லும் கிழவியிடம், சும்மா ஒரு நோட்டீஸை நீட்டினால் அவர் வரமாட்டார். பேரனோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, மளிகைக் கடைக்காரரோ உட்கார்ந்து பேச வேண்டும். மகள் வீட்டில் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்லிவைக்க வேண்டும். ஒரு சங்க உறுப்பினர் செய்யக்கூடிய சேவைகளில் மிகப் பெரியது இந்தப் பேச்சுவார்த்தைதான் என்பேன். இதற்கு மேடையும் கிடையாது, படமும் கிடையாது.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களை மருத்துவமனைகள் மறுபரிசோதனைக்கு வரச்சொல்வது பெரும்பாலும் ஒரு மாதம் கழித்து. அப்போதுதான் சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டாரா, தொற்று ஏதும் உண்டா, கண்ணாடி வேண்டுமா என்பது தெரியும். முகாம் நாளில் பேனர் கட்ட இருபது பேர் வருகிற சங்கத்தில், மறுபரிசோதனை நாளில் எத்தனை பேர் வருகிறார்கள்? சங்கத்தை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

சங்க அமைப்பிலேயே உள்ள ஒரு பலவீனம் இங்கேதான் தெரிகிறது. தலைவர் பதவி ஒரே ஓர் ஆண்டு. ஒவ்வொருவருக்கும் தன் ஆண்டில் தன் பெயர் சொல்ல ஒன்று வேண்டும் என்ற ஆசை இயல்பு. போன ஆண்டுத் தலைவர் தொடங்கியதைத் தொடர்ந்தால் அதில் புதுமை இல்லை. மரக்கன்றுகள் இதற்குக் கண்கூடான சாட்சி. ஜூலையில் புதுத் தலைவர் வந்தவுடன் கன்று நடும் விழா நடக்கும். விருதுநகர் மாவட்டத்துக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம். ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டும். இந்தப் பக்கம் காய்ந்த மேல்காற்று அடிக்கும். வேர் பிடிக்குமுன்னே கன்று கருகிவிடும். அதே கன்றை அக்டோபரில் நட்டு, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைத்தால் அது மரமாகும். அதற்கு மூன்று தலைவர்கள் ஒரே மரத்துக்குச் சம்மதிக்க வேண்டும்.

சம்மதிக்க முடியும் என்பதற்கு உலகமே பார்த்த சான்று போலியோ. ரோட்டரி 1985இல் அந்த வேலையைக் கையில் எடுத்தது. 1988இல் உலக சுகாதார அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்தபோது ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் போலியோவால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் பல்ஸ் போலியோ முகாம்கள் 1995இல் தொடங்கின. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஸ் ஸ்டாண்ட், ரயிலடி என்று பூத் போட்டு, மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்ட ரோட்டரிக்காரர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்குத் துணையாக உட்கார்ந்தார்கள். 2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ வந்தது. உலகில் அவ்வாண்டு பதிவானவற்றில் ஏறக்குறையப் பாதி அது. 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27இல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்குப் போலியோ ஒழிந்த சான்று கிடைத்தது. இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒவ்வொரு சங்கத்திலும் இருபத்தொன்பது தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். ஆள் மாறினாலும் வேலை மாறவில்லை. அரசின் தடுப்பூசித் திட்டம் என்ற நிலையான ஒன்றோடு அது கட்டப்பட்டிருந்ததால்தான் இது முடிந்தது.

ரத்ததானத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சிவப்பணுக்களை முப்பத்தைந்து முதல் நாற்பத்திரண்டு நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் ஐந்தே நாளில் வீணாகிவிடும். ஒருவரின் பிறந்தநாளில் இருநூறு யூனிட் எடுத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் சும்மா இருந்தால் பயனில்லை. கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் டெங்குக் காலத்திலும்தான் தட்டுப்பாடு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரியிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் படிக்கிறார்கள். சிறு சிறு குழுவாக ஆண்டு முழுக்க முறைவைத்துக் கொடுக்க ஒரு சங்கம் அட்டவணை போட்டால், நள்ளிரவில் பிரசவ வார்டு வாசலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அலையும் குடும்பங்கள் குறையும். 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்தத் தேவை கூடித்தான் இருக்கிறது.

இந்த ஊர்களுக்கென்றே ஒரு வேலை காத்துக்கிடக்கிறது; அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் தறிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். இரண்டும் கிட்டத்துப் பார்வையை நம்பிய தொழில். நாற்பது வயதைத் தாண்டினால் எல்லோருக்கும் கிட்டத்துப் பார்வை மங்கும். படித்த வேலையில் இருப்பவர் உடனே கண்ணாடி வாங்கிவிடுவார். தையல்காரப் பெண், ஊசியில் நூல் கோக்கப் பள்ளிவிட்டு வரும் மகளைக் கூப்பிடுவார். பீஸ் குறையும், கூலி குறையும். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து கிள்ளுவதற்கே இப்படி என்றால், தையலுக்கும் தறிக்கும் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

மேடையில் கொடுக்கும் ஒரு தையல் மிஷினின் விலைக்கு எத்தனையோ பேருக்குக் கண்ணாடி வாங்கலாம். மிஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஷினைக் கொடுக்கிற அன்றே, அதை மிதிப்பவரின் கண்ணையும் சோதித்துவிடுங்கள் என்கிறேன். தளவாய்புரத்திலும் சத்திரப்பட்டியிலும் ஆண்டுக்கு ஒருமுறை, வேலை நேரம் முடிந்த பிறகு, அந்தத் தெருவிலேயே பரிசோதனை வைக்க வேண்டும். பகலில் வைத்தால் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள்.

இதில் பெண்களின் இடமும் முக்கியம். ரோட்டரியின் உலக அமைப்பு பெண்களை உறுப்பினராக ஏற்றது 1989இல்தான், லயன்ஸ் 1987இல். அதுவரை மனைவிமார் விருந்தினராக வந்து போனார்கள். இப்போது சிறு ஊர்களிலும் பெண்கள் தலைவராகிறார்கள் என்பது மகிழ்ச்சி. வீட்டுக்குள் இருக்கும் மூதாட்டியிடமும் தையல் அறையில் இருக்கும் பெண்ணிடமும் போய்ப் பேச அவர்களால்தான் எளிதில் முடியும். பெண் உறுப்பினர்கள் கூடுகிற சங்கத்தின் முகாமுக்குப் பெண் நோயாளிகளும் கூடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதைப் படிக்கிற சங்க உறுப்பினர்களே, அடுத்த ஜூலையில் புதிய திட்டம் தேடுமுன் போன ஆண்டு முகாமின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். மறுபரிசோதனைக்கு வராதவர்களின் வீட்டுக்கு ஆளுக்கு ஐந்து பேர் வீதம் பிரித்துக்கொண்டு போய் வாருங்கள். சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சுவரைத் தடவி நடக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், அடுத்த முகாமுக்கு அவரை நீங்களே கூட்டிப் போங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூட்டிப் போங்கள்.