நின்று நின்று நடக்கும் பாதம்

நடக்கும்போது உடல் நிற்பதில்லை, பாதம் நிற்கிறது. தரையில் ஊன்றிய பாதத்தின் வேகம், ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம், கிட்டத்தட்ட பூஜ்யம். அந்தக் கணத்தை நம்பித்தான் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களின் நடையை அளக்கும் உணரிகள் கணக்குப் போடுகின்றன.

காலணியில் பொருத்தும் இந்த உணரி தீப்பெட்டி அளவுதான். உள்ளே வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப். பாதம் எங்கே இருக்கிறது என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. முடுக்கத்தைக் கூட்டிக்கூட்டி வேகத்தையும், வேகத்தைக் கூட்டிக்கூட்டித் தூரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். பிழையும் கூடவே கூடும். முடுக்கத்தில் 0.01 மீ/வி² மட்டும் தொடர்ந்து தவறினாலே, ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் பிசகிவிடும். ஆகவே பாதம் நிற்கும்போதெல்லாம் மென்பொருள் வேகத்தைப் பூஜ்யமாக்கி, சேர்ந்த பிழையைக் கழித்துவிடுகிறது.

காலை இழுத்து நடப்பவர்களிடம் சிக்கல் வருகிறது. அந்தக் கணம் குறுகிவிடும். எப்போது நின்றது, எப்போது நகர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஆரோக்கியமானவர்களை வைத்து அமைத்த கணக்கு அங்கே தடுமாறும். அதனால் நோயாளிகளின் நடையைக் கொண்டே அதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இயல்பான நடையில் ஒரு கால் ஏறத்தாழ 60 சதவீத நேரம் தரையிலும், 40 சதவீதம் காற்றிலும் இருக்கும். பக்கவாதத்துக்குப் பின் பலவீனமான கால் எடையைத் தாங்கத் தயங்கும். அது ஊன்றும் நேரம் குறைய, மறுகால் கூடுதலாகச் சுமக்கும். முன்பாதம் தொங்கினால், தரையில் தட்டாமலிருக்கக் காலை வெளிப்பக்கமாக வீசி எடுத்துவைப்பார்கள். பழகிய பிசியோதெரபிஸ்ட் இதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். போன மாதத்தைவிட எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்குத்தான் எண்கள் வேண்டும்.

சிகிச்சைக்கூடத்தில் 10 மீட்டர் நடக்கச் சொன்னால், எல்லோரும் முடிந்தவரை நன்றாகவே நடந்துகாட்டுவார்கள். வீட்டு நடை வேறு. அதை அளக்க உணரியால்தான் முடியும். வேறு நோய்களிலும் இந்த அளவீடு பயன்படுகிறது. டுஷென் தசைச்சிதைவு நோய்க்கான மருந்துச் சோதனைகளில், சிறுவர்கள் அன்றாடம் எடுக்கும் அடிகளில் மிக வேகமான 5 சதவீதத்தின் வேகத்தை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019இல் துணை அளவுகோலாகவும், 2023இல் முதன்மை அளவுகோலாகவும் ஏற்றது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு, மருத்துவர் பார்க்காத நேரத்தில் நடந்த நடையும் இப்போது சாட்சி.