ஏற்றத்தில் மட்டும் ஏன்?

ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும் சாலையில் இரண்டாவது வளைவு தாண்டியதும் அப்பாவின் ஹோண்டா சி70 திணற ஆரம்பித்துவிடும். நாலு அடி ஒழுங்காக அடித்து, ஐந்தாவதை விழுங்கும். ஜார்ஜ் டவுனின் சமதரைச் சாலைகளில் அப்படியொரு கோளாறு இருப்பதே தெரியாது.

ஒரு பட்டறையில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இன்னொன்றில் புதிதாகவே மாட்டிவிட்டார்கள். காசு போனது, மிஸ்ஸிங் போகவில்லை.

ஜெலுத்தோங்கில் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள்களை மட்டும் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கடைசியில் போனேன். ஸ்பேனரை எடுக்குமுன் அவர் கேட்டது: "எப்ப அடிக்குது தம்பி? குளுந்திருக்கும்போதா, சூடானப்புறமா? மழையிலயா, ஏத்தத்துலயா?"

"ஏத்தத்துல மட்டும், அங்கிள்."

"அப்ப சோக்க பாதி இழுத்துட்டு ஏறிப் பாரு. திணறல் குறைஞ்சா பெட்ரோல் பத்தல. கூடுச்சுன்னா கார்பரேட்டர விட்டுரு. அங்கயே எஞ்சின நிறுத்தி பிளக்கக் கழட்டிக் கொண்டா."

திணறல் கூடியது. பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். என்னுடையதில் கலவை சரியாகவே இருந்தது.

"ஆனா பிளக்கை வெளிய வெச்சு உதைச்சுப் பார்த்தேன், பொறி நல்லா வருதே" என்றேன். அங்கேதான் நான் இத்தனை நாளும் ஏமாந்திருக்கிறேன். வெளிக்காற்றில் பொறி தாவுவது சுலபம். ஏற்றத்தில் திராட்டிலை முறுக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் புகுந்து இறுகிவிடுகிறது. அந்த நெருக்கத்தில் அதே இடைவெளியைத் தாண்ட மின் அழுத்தம் பல மடங்கு வேண்டும். நோஞ்சான் பொறி வெளியே தேறிவிடும், மலையில் தோற்றுவிடும்.

ஃபிளைவீல் துளை வழியே டார்ச் அடித்துக் காட்டினார். பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் சின்ன மேடு. பாயிண்ட் திறக்கும் நொடியில் அங்கே தாவப் பார்க்கும் மின்சாரத்தைக் கண்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது செத்துவிட்டால் பாயிண்ட் கருகும், காயிலில் பிறக்கும் பொறியும் மெலியும். இரண்டையும் மாற்றினார். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். ஃபிளைவீலின் எஃப் கோடு நேர்வரும்போது பாயிண்ட் திறக்கிறதா என்றும் பார்த்தார். ஆன செலவு கார்பரேட்டர் விலையில் கால்வாசிகூட இல்லை.

1958இல் ஜப்பான் போய்வந்த பினாங்கு வணிகர் லோ பூன் சியூதான் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அந்த வண்டிகள் முதலில் ஓடிய இந்தத் தீவிலேயே பாயிண்ட் வைக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இன்று கோளாறைத் தேடுவதைவிட பாகத்தை மாற்றுவது சுலபமாகிவிட்டது.

அன்று மாலையே மலை ஏறினேன். இரண்டாவது வளைவில் இரண்டாம் கியர். ஓர் அடிகூடத் தவறவில்லை.

அக்டோபர் மழையில் மறுபடி மிஸ்ஸிங். இந்த முறை நானே கேட்டுக்கொண்டேன்: எப்போது? மழையில் மட்டும். இரவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பிளக் மூடியின்மேல் தண்ணீர் தெளித்தேன். மூடியின் வெடிப்பிலிருந்து சிலிண்டர் தகட்டுக்கு நீல நூலாகப் பொறி ஓடியது.